நடு ஆற்றில் நீ பேசாதிருந்த நேரம்

இன்று காலை பாதையில் என் பக்கத்தில் வந்து நின்ற பெண்ணிடமிருந்து பால் மணம் வந்தது. புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியையாக இருக்க வேண்டும், எனக்கு அறிமுகமில்லாத முகம். தோளில் கைப்பை, கையில் சாப்பாட்டுப் பை, கண் மட்டும் விட்டு வந்த கரையிலேயே இருந்தது. டீசல் வாசனைக்கும் முகப் பவுடர் வாசனைக்கும் நடுவே, லேசாகப் புளித்த, இளஞ்சூடான அந்த மணம் ஒரு மூச்சு நேரம்தான் வந்து போனது. ஆற்றின் மேல் பனி இன்னும் கலையவில்லை. எதிர்க்கரைத் தென்னைகளின் தலைகள் மட்டும் தண்ணீரில் மிதப்பது போலத் தெரிந்தன. நீ இறந்து இரண்டு மாரி போய்விட்டது என்பதே அந்தக் கணம் எனக்கு மறந்துபோனது. "இஞ்ச பாருகா" என்று சொல்ல உன் பக்கம் திரும்பினேன். திரும்பிய இடத்தில் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிள் நின்றது.

வள்ளங்களைச் சேர்த்துப் பலகை அடித்து, எஞ்சின் பூட்டி, ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு, நாம் ஆறு என்று சொல்கிற வாவியைக் கடக்கிற அந்த மிதவைக்குப் பாதை என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியாது. வெளியூரிலிருந்து வந்த அதிபர் ஒருவர் முதல் நாள் துறையில் நின்றுகொண்டு, "பாதை எங்க? தண்ணிதானே கிடக்கு?" என்று கேட்டார். நீ முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல், "பாதை இப்ப அங்கால போயிருக்கு சேர். கொஞ்சத்துல வந்துடும்" என்றாய். அவர் உன்னைப் பார்த்த பார்வையை நினைத்து நாம் பல நாள் சிரித்திருக்கிறோம்.

நமக்கு எழுவான்கரையில் வீடு, படுவான்கரையில் பாடசாலை. சூரியன் எழும் கரையில் நம் பிள்ளைகளை விட்டுவிட்டு, அது விழும் கரையில் ஊரார் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போனோம். ஒரே நாளில் நியமனம் கிடைத்து, ஒரே பாடசாலைக்கு வந்தவர்கள் நாம். உனக்குக் கணக்கு, எனக்குத் தமிழ். உன் மகள் அதற்கு முன்பே பிறந்துவிட்டாள். உன் கணவர் கட்டாரில் வேலை. எனக்குப் பிள்ளை பிறக்கப் பல வருடம் சுணங்கியது. அந்த வருடங்களில் பாதையில் ஏறினால் "இன்னும் ஒண்டும் இல்லையா?" என்று கேட்டவர்கள், மகன் பிறந்து நான் திரும்ப வேலைக்கு ஏறிய அன்று, "இதுக்கா இவ்வளவு காலம் தவம் கிடந்த? விட்டுட்டு வாறதுக்கா?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. வெயில் எப்படி, மழை வருமா என்று கேட்பது போலத்தான் அதையும் கேட்டார்கள்.

அன்று எனக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். பிரசவ லீவு முடிந்து முதல் நாள். வீட்டில் மகன் அழுத குரல் துறைவரைக்கும் என் காதிலேயே வந்தது. பாதை கரையை விட்டு நகர்ந்ததும் மார்பு கனத்து, சட்டை நனைந்து, சேலையிலும் ஈரம் பரவத் தொடங்கியது. சுற்றிலும் ஆண்கள், மாணவர்கள், மீன் பெட்டிக்காரர். நான் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். நீ குடையை விரித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாய். பனிக்காலக் காலையில் குடை எதற்கு என்று யாரோ சிரித்தார்கள்.

"அங்கால திரும்பி ஆத்தப் பாத்துக்கொண்டு நில்லுகா. நான் நிக்கன்" என்றாய்.

பாடசாலையில் விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைக்கிற அறை ஒன்று இருந்தது. பழைய வலைப்பந்துகள், கால் உடைந்த கதிரைகள், ஓர் உலக உருண்டை. இடைவேளையில் என்னை அதற்குள் அனுப்பிவிட்டு வாசலில் நீ நின்றாய். பால் பீய்ச்சிப் போத்தலில் பிடித்துக்கொண்டு நான் உள்ளே அழுதேன். வெளியே ஒரு ஆசிரியர் வலைப்பந்து எடுக்க வந்தார்.

"இப்ப போகேலா சேர்."

"ஏன்?"

"உள்ள பூச்சி மருந்து அடிச்சிரிக்கு."

அழுதுகொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதைத் தொடர்ந்து பல மாதம் அந்த அறையில் பூச்சி மருந்து அடித்துக்கொண்டே இருந்தாய். அந்த ஆசிரியருக்கு விஷயம் முதல் வாரமே விளங்கியிருக்கும். பிறகு அவர் பந்து வேண்டுமானால் உன்னிடம் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் வராமல் நின்றார்.

பாலை வைக்கக் குளிர்சாதனப் பெட்டி இல்லை. முதல் நாள் அதை மண்ணில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. திரும்பி வரும்போது பாதையின் ஓரத்தில் குந்தி, போத்தலை வாங்கி நீயே ஆற்றில் ஊற்றினாய். பச்சைத் தண்ணீரில் ஒரு வெள்ளைப் புகை போல விரிந்து, நீண்டு, காணாமல் போனது. "மீனும் புள்ள வெச்சிரிக்கும்தானே" என்றாய். வேறு யார் சொல்லியிருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

உன்னிடம் எனக்கு விளங்காத ஒன்று இருந்தது. ஏறியதிலிருந்து கதைத்துக்கொண்டே வருவாய். மகளின் வீட்டுப்பாடம், கட்டாரிலிருந்து வந்த தொலைபேசி, அடுப்பில் பொங்கி வழிந்த கஞ்சி எல்லாம் வரும். பாதை நடு ஆற்றுக்கு வந்ததும், வசனத்தை முடிக்காமலே நிறுத்திவிடுவாய். பனி இறங்கிய காலைகளில் அந்த இடத்தில் இரண்டு கரையும் தெரியாது. எஞ்சின் சத்தம்கூடப் பஞ்சுக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். நீர்க்காகம் ஒன்று தடிக்கம்பில் சிறகை விரித்துக்கொண்டு, தண்ணீரில் நிற்கிறதா ஆகாயத்தில் நிற்கிறதா என்று தெரியாமல் நிற்கும். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதடு லேசாகத் திறந்திருக்க, எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டு நிற்பாய். அந்தக் கரை கண்ணுக்குத் தெரிந்ததும், விட்ட சொல்லிலிருந்து தொடங்குவாய்.

ஒரு நாள் கேட்டேன். "என்னத்த யோசிக்கிற? மகளையா?"

"இல்லகா. இஞ்ச வந்தா அவளையும் மறந்துடுவன்."

எனக்குத் திடுக்கென்றது. நான் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து நிற்கும்போதுகூட மகனின் உச்சி வாசனையை நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. என் முகத்தைப் பார்த்து நீ சிரித்தாய்.

"அவள் அந்தக் கரைல இரிக்காள். வகுப்பு இந்தக் கரைல இரிக்கு. ரெண்டும் ஓடிப் போகாது. இந்த நடு ஆத்துல நான் ஒருத்தருக்கும் ஒண்டும் இல்ல. இறங்கினதும் எல்லாத்தயும் எடுத்துத் தலைல வெச்சுக்குவன்."

அதை நான் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. தாய் ஒருத்தி இப்படிச் சொன்னாள் என்றால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்தேன். உண்மையில் எனக்கே அது பிடிக்கவில்லை. பிடிக்க நாளெடுத்தது.

உனக்குத்தான் எத்தனை பேச்சு. கணவன் இல்லாத வீட்டில் பிள்ளையை அயலில் விட்டுவிட்டு ஸ்கூட்டியில் பறக்கிறாள் என்றார்கள். மாலை வகுப்பு எடுத்தால் காசாசை, எடுக்காவிட்டால் கடமை தெரியாதவள். "புள்ளைய யாரு பாக்கிற?" என்ற கேள்விக்கு நீ ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் சொல்வாய். ஒருமுறை பதில் சொல்லாமல், பக்கத்தில் நின்ற நம் விஞ்ஞான ஆசிரியரிடம் திரும்பினாய். அவருக்கும் கைக்குழந்தை.

"சேர், உங்கட புள்ளைய இப்ப யாரு பாக்கிற?"

அவர் விழித்தார். "வீட்டதான் நிக்குது ரீச்சர். ஏன்?"

"இல்ல, இவ்வளவு சின்னப் புள்ளைய விட்டுட்டு வாறீங்களே. மனசு கேக்குதா?"

பாதையில் ஒரே சிரிப்பு. அவரும் சிரித்தார், காது சிவந்தது. ஆனால் அடுத்த வாரம் அவராகவே வந்து, "மகளுக்குப் பல்லு முளைச்சிரிக்கு ரீச்சர்" என்று சொன்னார். அன்றிலிருந்து அந்தக் குழந்தை நடந்தது, விழுந்தது, நாயைக் கண்டு சிரித்தது எல்லாம் நமக்குத் தெரியும். அதுவரை அந்த மனிதரிடம் யாரும் கேட்டதில்லை போலும்.

பிறகு அந்த மார்கழி. வாடைக்காற்று வாவியைக் கலக்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் பாடம் நடக்கும்போது, வீட்டில் மகனைப் பார்த்துக்கொள்கிற மாமியிடமிருந்து தொலைபேசி வந்தது. மகனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்றார். சொல்லி முடிக்குமுன் தொடர்பு அறுந்தது. நான் எப்படித் துறைக்கு வந்தேன் என்று தெரியாது. உன் ஸ்கூட்டியின் பின்னால் இருந்தேன் என்பது மட்டும் தெரியும். பாதை அக்கரையில் கட்டிக் கிடந்தது. காற்று அடங்கும்வரை எடுக்க மாட்டார்களாம். தரைவழியே சுற்றிப் போகலாம் என்றால் வெள்ளம் வீதியை மூடியிருந்தது. கரையில் ஒரு மீன்காரர் தோணியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நீ அவரிடம் போனாய்.

"அண்ண, இவட புள்ளைக்குச் சரியில்ல. அங்கால விடுவீங்களா?"

அவர் ஆகாயத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தோணியைத் திரும்ப இறக்கினார். எனக்கு முன்னால் நீ ஏறி உட்கார்ந்துவிட்டாய்.

"நீ எதுக்கு? உனக்கும் ஒரு புள்ள இரிக்கு" என்று கத்தினேன்.

"தண்ணி இறைக்க ஆள் வேணும். நீ இப்ப இரிக்கிற இரிப்புக்கு உன்னால ஏலாது."

கரையோரச் சதுப்பில் நின்ற கண்ணாமரங்களை ஒட்டிக் கொஞ்ச தூரம் போய், ஆறு ஒடுங்கிய இடத்தில் அவர் தோணியை அக்கரைப் பக்கம் திருப்பினார். அலை உள்ளே ஏறியது. உன் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியால் நீ இறைத்தாய், இறைத்துக்கொண்டே இருந்தாய். கையில் ஒட்டியிருந்த வெண்கட்டித் தூள் கரைந்து வழிந்தது. மழையும் ஆறும் ஒன்றாகக் கிடந்த அந்தச் சாம்பல் நிறத்துக்குள் ஒரு கனவில் போவது போலப் போனோம். இன்றைக்கும் காய்ச்சல் வந்தால் எனக்கு அந்த நிறம்தான் கண்ணுக்குள் வரும்.

ஆஸ்பத்திரியில் மகன் கட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தான். கையில் ஊசி குத்தியிருந்தது. "பயமில்ல, காய்ச்சல் வலிப்புத்தான். இனி வராம இரிக்கக் காய்ச்சல் நேரம் கவனமாப் பாருங்க" என்றார் டொக்டர். பக்கத்தில் நின்ற தாதி என்னைப் பார்த்து, "தாய் இவ்வளவு நேரம் எங்க போன?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் மாமி, "படிப்பிக்கப் போயிட்டா" என்றார். அந்தக் குரலில் கோபமும் இல்லை, என்னைத் தாங்குகிற தொனியும் இல்லை. கொஞ்ச நேரத்தில் டவுனில் வேலை செய்கிற என் கணவர் வந்தார். பார்க்க வந்திருந்த சொந்தக்காரி ஒருத்தி எழுந்து கதிரையைக் கொடுத்தாள். "பாவம், வேலைய விட்டுப்போட்டு ஓடி வந்திரிக்கான். குடிக்க ஒரு பிளேன்ரீ குடுங்க."

என் சேலை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் உயிர் போன முகத்தோடுதான் நின்றார். ஆனால் அந்தப் 'பாவம்' என்ற வார்த்தை எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று சின்னப் பிள்ளை போல நெஞ்சு கேட்டது. நீ வெளியே போனாய். திரும்பி வரும்போது இரண்டு கோப்பை பிளேன்ரீ கொண்டுவந்தாய். ஒன்றை அவர் கையில் கொடுத்தாய், ஒன்றை என் கையில் கொடுத்தாய். பிறகு உன் மகள் பள்ளிவிட்டு வந்திருப்பாள் என்று சொல்லி, நனைந்த சேலையோடு பஸ் ஏறப் போனாய்.

வேலையை விடப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். யாரும் விடு என்றும் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ மகளையும் ஏற்றிக்கொண்டு வந்தாய். என் மகனை மடியில் வைத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டே சொன்னாய்:

"விடுறதெண்டா விடு. வீட்டுல இரிக்க ஆசையெண்டா அது நல்ல விசயம்தான். ஆனா உனக்கு ஆசையா இரிக்க வேணும். ஊர்ர வாய மூட எண்டு விடாத. அது மூடாது. பிறகு வேற ஒண்டக் கேக்கும்."

அவ்வளவுதான். பிறகு இறால் விலையைப் பற்றிப் பேசினாய்.

திங்கட்கிழமை விடிய எழும்பியபோது குசினியில் ஏற்கெனவே வெளிச்சம். மாமி சோறு கட்டிக்கொண்டிருந்தார். நான் போகிறேன் என்று சொல்லியே இருக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "உன்ட புருசன வயல் வட்டைக்குள்ள மரத்துல சீலையால ஏணை கட்டிப் போட்டுட்டுத்தான் நான் கதிர் வெட்டின. எறும்பு கடிச்சு உடம்பெல்லாம் தடிச்சிரிக்கும். அப்ப ஒருத்தரும் கேக்கல்ல. கேக்கிறவளும் எனக்குப் பக்கத்துலதான் கதிர் வெட்டக் குனிஞ்சு நிண்டாள்." பொதியை மேசையில் வைத்தார். "சுறுக்காப் போ. பாதை போயிடும்."

அன்று நடு ஆற்றில் நீ பேச்சை நிறுத்தியபோது, முதன்முறையாக நானும் என் யோசனையை நிறுத்திப் பார்த்தேன். மகன் நினைவு வந்தது, விட்டேன். திரும்ப வந்தது, விட்டேன். பனிக்குள் எங்கோ ஒரு வலைக்காரர் தண்ணீரைத் தட்டும் சத்தம் கேட்டது. கரை தெரிந்தபோது எனக்கு உறங்கி எழும்பியது போலிருந்தது. நீ என்னைப் பார்த்துவிட்டு, விட்ட சொல்லிலிருந்து தொடங்கினாய்.

நீ கலங்கி நான் பார்த்தது ஒருமுறைதான். உன் மகள் பெரியபிள்ளையானது நீ பாடசாலையில் இருந்த நேரம். அயல் வீட்டு அக்காதான் அவளை உட்காரவைத்து எல்லாம் சொல்லிக் கொடுத்தாளாம். "நான் சொல்ல வெச்சிருந்த கதைகா அது. அவள் சின்னதா இரிக்கக்குள்ளேயிருந்து எப்படிச் சொல்றதெண்டு யோசிச்சு வெச்சிருந்தன்" என்றாய். அன்று கரை தெரிந்த பிறகும் நீ பேசவில்லை. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் வழமைபோல அதிபரைப் பற்றிப் பகிடி விட்டாய்.

பிறகு ஒரு தவணை விடுமுறையில், முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாய். மூளையில் நரம்பு வெடித்துவிட்டது, யார் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்று டொக்டர் சொன்னாராம். ஆனால் செத்தவீட்டில் அந்தச் சொல் யாருக்கும் போதவில்லை. "ஓடி ஓடியே உடம்பப் பாக்காம விட்டுட்டா" என்றாள் ஒருத்தி. "எல்லாம் அந்தப் புள்ளைக்காகத்தான். தனக்கெண்டு ஒரு நிமிசம் இருந்தாளா?" என்றாள் இன்னொருத்தி. இரண்டாவது பேச்சு உன்னைப் புகழ்ந்துதான் சொல்லப்பட்டது. கட்டாரிலிருந்து வந்து சேர்ந்த உன் கணவர் சுவரில் சாய்ந்து இருந்தார். உன் மகள் உன் தலைமாட்டில் இருந்து அதை எல்லாம் கேட்டாள். அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். எழும்பிப் போய் அந்த வாய்களை மூட எனக்குப் பலம் இருக்கவில்லை.

அவள் இப்போது வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். உன் கணக்குத்தான் அவளுக்கும். போன மாதம் லீவில் வந்திருந்தபோது என் வீட்டுக்கு வந்தாள். உன் ஸ்கூட்டியில், உன்னைப் போலவே கொஞ்சம் சரிந்து உட்கார்ந்து. "அன்ரி, அம்மா போற பாதைல ஒருக்கா நானும் உங்களோட வரட்டா?" என்று கேட்டாள்.

அடுத்த நாள் காலை இருவரும் ஏறினோம். பனி குறைவு, ஆனால் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நீ பிடிக்கிற கம்பியை நான் காட்டவில்லை. அவளாகவே அதைப் பிடித்தாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

"அன்ரி, பாதைல வரக்குள்ள அம்மா என்னைப் பத்தி என்ன சொல்லுவா? நிறையக் கவலப்பட்டாவா?"

சொல்ல எத்தனையோ நல்ல பொய் இருந்தது. ஒவ்வொரு நிமிடமும் உன் நினைவுதான் என்று சொல்லியிருக்கலாம். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் நீ என் பக்கத்தில் நிற்பது போலிருந்தது, பொய் வரவில்லை.

"உன்னைப் பத்தி நிறையக் கதைப்பா மகள். ஆனா இந்த நடு ஆத்துக்கு வந்தா நிப்பாட்டிடுவா. இந்த இடத்துல உன்னையும் மறந்துடுவன் எண்டு என்னட்டச் சொல்லியிருக்கா. இஞ்ச நான் ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லையெண்டு சொல்லுவா."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிழை செய்துவிட்டேனோ என்று பயந்தேன்.

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம். போகக்குள்ளயும் வரக்குள்ளயும்."

"சந்தோசமா இருந்தாவா, அந்த நேரம்?"

"ஓம் மகள். வாய் கொஞ்சம் திறந்திருக்கும். ஆத்தப் பாத்துக்கொண்டு நிப்பா. நல்லா இருந்தா."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, ஆனால் முகம் விரிந்துகொண்டு வந்தது. "அம்மாவ முழுசா நான்தான் திண்டு முடிச்சிட்டன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன் அன்ரி. எல்லாரும் அப்படித்தானே சொன்னாங்க. அப்ப அம்மாக்கெண்டும் கொஞ்சம் இருந்திரிக்கு." அதைத் திரும்பவும் சொன்னாள், தனக்குத்தானே, ஒரு கணக்கின் விடையைச் சரிபார்ப்பது போல. பிறகு கரை வரும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை.

ஊரிடம் மறைக்க வேண்டும் என்று நான் பயந்துகொண்டிருந்த ஒன்றுதான் அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. நீ இருந்திருந்தால் அவளிடம் நீயே சொல்லியிருப்பாய். அவள் பெரியபிள்ளையான அன்று உனக்குப் பிந்திப்போன அந்தக் கதையைப் போல இதையும் யோசித்து வைத்திருப்பாய். இதைச் சொல்ல ஆள் நானாக இருந்தது எனக்கு ஒரு ஆறுதல்.

இன்று பின்னேரம் வேலைவிட்டு வந்து, உடுப்பு மாற்றாமல் வாசல் படியில் இருந்தேன். மகன் பந்தோடு வந்து முன்னால் நின்றான். உயரமாகிவிட்டான், உனக்கு அடையாளம் தெரியாது. "அம்மா, என்ன யோசிக்கிறீங்க?" என்று கேட்டான். முன்பென்றால் "உன்னைத்தான்" என்று சொல்லியிருப்பேன். எல்லா அம்மாமாரும் சொல்வது அதுதானே.

"என்னைப் பத்தி" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். "சரி" என்று சொல்லிவிட்டு, பந்தைத் தட்டிக்கொண்டு விளையாடப் போனான்.